பழுதுள்ள பழைய சிறு டிராக்டரை வாங்குவது எப்படி: பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

பழைய டிராக்டர் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வண்டியின் முன்னால் போய் நிற்கிறார்கள். பானெட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள், சாவியைத் திருகச் சொல்வார்கள், சத்தம் சீராக வந்தால் விலை பேச உட்கார்ந்துவிடுவார்கள். என் முதல் வண்டியை நானும் அப்படித்தான் வாங்கினேன். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் ஊரில் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல், மேட்டில் மஞ்சளும் வாழையும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சிறு டிராக்டர் தேவைப்பட்டது. இன்ஜின் குறையில்லாமல் ஓடியது, வாங்கிவிட்டேன். பதினைந்தாம் நாள் சேற்றில் இறக்கியபோது கியர் பெட்டிக்குள் முனகல் கேட்டது. திறந்தால் ஆயிலோடு தண்ணீர். பேரிங்குகள் துருவேறிக் கிடந்தன, இரண்டு பல்சக்கரங்களில் பல்லின் முகமே உரிந்திருந்தது. அந்தப் பல்சக்கரங்கள் கைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று. அந்தப் போகத்து நடவு முழுவதும் வாடகை வண்டியில்தான் நடந்தது.

இரண்டாவது வண்டி நீலப் புகை தள்ளியது, காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாது, மட்கார்ட் இரண்டும் நசுங்கியிருந்தன. அதைத் தெரிந்தே வாங்கினேன். இன்ஜின் வேலை பார்த்த பிறகு இன்றுவரை உழுதுகொண்டிருக்கிறது.

இந்த இரண்டு வண்டிகளும் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பழுதுள்ள வண்டியைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்தப் பழுதுக்கு வாங்கும் முன்பே விலை போட முடிய வேண்டும். இன்ஜின் பழுதுக்கு விலை போட்டுவிடலாம். கியர் பெட்டி, கிரவுன் (பின் அச்சைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்), கருவிகளைத் தூக்கும் ஹைட்ராலிக் அடங்கிய பின்பாதிக்குத் திறந்து பார்க்காமல் யாராலும் விலை சொல்ல முடியாது. ஆகவே சோதனையைப் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

எந்த வேலைக்கு வண்டி?

சிறு டிராக்டர் என்று நான் சொல்வது ஏறத்தாழ 15 முதல் 27 குதிரைத்திறன் வரையிலான வண்டிகளை. மிட்சுபிஷி சக்தி எம்டி 180டி, குபோட்டா நியோஸ்டார், மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 ஆகியவை நம் பக்கத்துப் பழைய சந்தையில் கண்ணில் படுபவை. இவற்றில் யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 இரண்டும் ஒற்றை சிலிண்டர் வண்டிகள். அதிர்வு அதிகம், ஆனால் இன்ஜின் வேலை சுருக்கமாக முடியும். மூன்று சிலிண்டர் வண்டி சீராக ஓடும், போர் வேலை (தேய்ந்த சிலிண்டர், பிஸ்டன், ரிங்கைப் புதுப்பிப்பது) வந்தால் பிஸ்டன், ரிங், டீசலைப் பீச்சும் நாசில் எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

ஆறடி இடைவெளியில் வைத்த வாழைக்குள் ஓட்டவேண்டும் என்றால் அகலம் நான்கடியைத் தாண்டாத வண்டியாகப் பாருங்கள். பின்சக்கரங்களை உள்ளே திருப்பிப் போட்டு அகலத்தைக் குறைக்க முடிகிறதா என்றும் கேளுங்கள். சேற்று உழவுதான் முக்கிய வேலை என்றால் நான்கு சக்கர இயக்கம் உள்ளதாக இருக்கட்டும். எடை குறைந்த வண்டி, இரண்டு சக்கர இயக்கத்தில் சேற்றில் நின்ற இடத்திலேயே குழி பறிக்கும். மேட்டுக்காட்டுக் களை ஓட்டவும் மருந்து அடிக்கவும் இரண்டு சக்கர இயக்கமே போதும். பழுதாவதற்கு அதில் பாகங்களும் குறைவு.

ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓடும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒன்றிரண்டு ஏக்கருக்கு ஆண்டுக்கு நான்கைந்து நாள் உழவுதான் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை மணிக் கணக்கில் வாடகைக்குத் தரும் இயந்திரங்களே போதும். வீட்டில் சும்மா நிற்கும் பழைய டிராக்டர், ஓடும் டிராக்டரைவிட வேகமாகக் கெடுகிறது. சீல் காய்கிறது, டேங்க் துருப்பிடிக்கிறது, பேட்டரி செத்துப்போகிறது.

வண்டியைப் பார்க்கும் முன் உதிரிபாகக் கடைக்குப் போங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். விளம்பரத்தில் மாடல் பெயரைப் பார்த்ததும் அருகிலுள்ள நகரத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடைக்குப் போய் ஆறு பொருள் கேளுங்கள்: கிளட்ச் தட்டு, ஹெட் கேஸ்கட், பின் அச்சு ஆயில் சீல், ஹைட்ராலிக் பம்பு சீல் கிட், பி.டி.ஓ. ஷாஃப்ட் (ரொட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு), நான்கு சக்கர இயக்கம் என்றால் முன் அச்சின் பெவல் கியர். ஆறும் அலமாரியிலிருந்து வந்தால் அந்த மாடலுக்கு நம் பகுதியில் உயிர் இருக்கிறது என்று பொருள். கடைசி இரண்டுக்கும் கடைக்காரர், “வரவழைத்துத் தருகிறேன்” என்று சொன்னால் எத்தனை நாள், என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். மாடலின் பெயரையே அவர் திருப்பிக் கேட்டால் வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

டயரையும் அங்கேயே விசாரித்துவிடுங்கள். சிறு டிராக்டர்களில் பின்பக்கம் 8.00-18, 8.3-20 போன்ற அளவுகள் வரும். பெரிய வண்டிகளின் டயர்போல இவை எல்லா ஊர்க் கடைகளிலும் இருப்பில் இருப்பதில்லை.

ஒன்று நமக்குச் சாதகம். இந்தப் பழைய சிறு வண்டிகளில் டீசல் பம்பு முழுக்க இயந்திர முறையில் வேலை செய்வது. கணினிப் பெட்டி, சென்சார் என்று எதுவும் கிடையாது. நாசில் பரிசோதிக்கும் மேசை வைத்திருக்கும் பம்பு சர்வீஸ் கடை எதுவும் இதைக் கையாள முடியும்.

ஆவணங்கள்: தொலைபேசியிலேயே முடிக்க வேண்டியவை

ஐந்து கேள்விகள். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? எச்.பி. இருக்கிறதா, அதாவது கடன் கொடுத்த வங்கியின் பெயர் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா? பதிவு எந்த ஆண்டு? காப்பீடு நடப்பில் இருக்கிறதா? மானியத்தில் வாங்கிய வண்டியா?

வண்டி எண்ணை வைத்துப் பரிவாகன் இணையதளத்தில் பார்த்தால் பதிவு நாள், எச்.பி. விவரம், காப்பீடு முடியும் நாள் தெரிந்துவிடும். கடன் அடைந்திருந்தாலும் எச்.பி. நீக்கப்படாமல் கிடக்கும் வண்டிகள் ஏராளம். அதற்கு வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். அதை விற்பவரே முடித்துத் தரட்டும். “நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நான் பிறகு வந்து கையெழுத்துப் போடுகிறேன்” என்ற பேச்சை ஏற்கவே ஏற்காதீர்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து தேவை. மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து வருகிற வண்டியென்றால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுதாரர் முதலில் படிவம் 31 வழியாகத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டும். அண்ணன் தம்பிகளில் ஒருவர் மட்டும் விற்க, மற்றவர் பின்னால் வந்து நிற்கும் வழக்குகள் கிராமத்தில் புதிதல்ல.

பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதற்குமேல் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டி அந்த எல்லையை நெருங்கினால் புதுப்பிக்கும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. டிரெய்லரும் சேர்த்து விற்கிறார் என்றால் அதன் ஆர்.சி.யையும் கேளுங்கள்.

நேரில் போனதும் சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டின்மேலும் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எண் பொறித்த இடம் மட்டும் உராய்ந்தோ புதுப் பெயின்ட் பூசியோ இருந்தால் விலை பேச்சே வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள்.

குளிர்ந்த வண்டி, நின்ற வண்டி

“நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று முதல் நாளே சொல்லிவைப்பது என் வழக்கம். இதற்கு இரண்டு காரணம். சூடான டீசல் இன்ஜின் தன் நோயை மறைக்கும். இரவு முழுக்க நின்ற கியர் பெட்டியில் தண்ணீர் ஆயிலிலிருந்து பிரிந்து அடியில் தங்கியிருக்கும்.

போனவுடன் இன்ஜின் பிளாக்கின்மீது உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஏற்கெனவே ஒருமுறை ஓட்டி வைத்திருக்கிறார்கள். கோபப்பட வேண்டாம். மதியம்வரை இருந்து ஆறவிடுங்கள், அல்லது இன்னொரு நாள் வாருங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: ஸ்பேனர் செட், டார்ச், ஒரு காந்தம், இரண்டு கண்ணாடிப் பாட்டில், பழைய துணி, நாடாக்கோல். முடிந்தால் உங்கள் மெக்கானிக்கையும் அழைத்துப் போங்கள், அவருக்கு நாள்கூலி கொடுத்துவிடுங்கள். விற்பவரின் தரகரிடம் கமிஷன் வாங்கக்கூடியவரை மட்டும் அழைத்துப் போகாதீர்கள்.

பின்பாதி

இரண்டாவது வண்டியைப் பார்த்த களத்தில் நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். விற்பவர் பெரியவர். “ஐயா, கியர் ஆயிலை எப்போது மாற்றினீர்கள்?” என்று கேட்டேன். “அது எதற்குத் தம்பி, குறையும்போது ஊற்றிக்கொள்வதுதான்” என்றார். நல்லது, ஒளிக்கத் தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் அனுமதி கேட்டு, கியர் பெட்டியின் அடியிலுள்ள வடிகால் போல்ட்டை முழுவதும் கழற்றாமல் மெல்லத் தளர்த்தி, பாட்டிலைக் கீழே பிடித்தேன். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். வந்தது கறுத்த, கெட்டியான ஆயில். பழையதுதான், ஆனால் சுத்தம். நெஞ்சுக்குள் அப்போதே பாதி விலை பேசி முடித்துவிட்டேன்.

பாட்டிலில் வந்தது பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு பழைய இரும்புக் கரண்டியில் சில சொட்டு எடுத்து அடுப்பில் காட்டுங்கள். தண்ணீர் உள்ள ஆயில் சடசடவென்று வெடிக்கும், இல்லாதது அமைதியாகப் புகையும். முகத்தைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள்.

சிறு டிராக்டர்கள் பலவற்றில் கியர், கிரவுன், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான் ஓடுகிறது. ஓரிடத்தில் புகுந்த தண்ணீர் எல்லா இடத்துக்கும் போய்விடும். அது புகும் வழிகள் நான்கு: சேற்றில் ஓடும்போது தேய்ந்த பின் அச்சு சீல் வழியாக, பி.டி.ஓ. ஷாஃப்ட் சீல் வழியாக, கிழிந்த கியர் கம்பி ரப்பர் உறை வழியாக மழைநீராக, அல்லது மூடி தொலைந்த ஆயில் ஊற்றும் துளை வழியாக. கியர் கம்பியின் ரப்பர் உறையைக் கையால் தூக்கிப் பாருங்கள். நூறு ரூபாய் பெறுமானமுள்ள அந்த உறை கிழிந்து, வண்டியும் மழையில் நின்றிருந்தால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். நிறம் லேசாக மாறி, சத்தம் ஏதும் இல்லாவிட்டால் ஆயிலை இரண்டு முறை மாற்றித் தப்பிக்கலாம். நிறமும் மாறி முனகலும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

எடுத்த ஆயிலுக்குள் காந்தத்தை விட்டுப் பாருங்கள். மாவுபோல நுண்ணிய சாம்பல் பசை ஒட்டுவது இயல்பான தேய்மானம். மணல் மணலாகத் தட்டுப்பட்டால் பேரிங் உதிர்கிறது. நகத்துண்டு போன்ற சில் வந்தால் பல் உடைந்திருக்கிறது.

அடுத்து ஓட்டிப் பார்ப்பது. காலி வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. கலப்பையையோ ரொட்டவேட்டரையோ மாட்டி, ஒவ்வொரு கியரிலும் பாரத்தோடு ஓட்டுங்கள். பாரம் ஏறும்போது கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் பல்லோ, கியர் மாற்றும் கவையோ தேய்ந்திருக்கிறது. இரண்டுக்கும் பெட்டியைத் திறந்தாக வேண்டும். ரிவர்ஸ் கியரையும் பாரத்தோடு பாருங்கள்.

ஹைட்ராலிக்கை இரண்டு முறை சோதியுங்கள். குளிர்ந்த நிலையில் ரொட்டவேட்டரைத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு, அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் ஒரு சாண் இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. பிறகு அரைமணி நேரம் உழுதுவிட்டு மறுபடி தூக்குங்கள். ஆயில் சூடாகி இளகியதும் தேய்ந்த பம்பு தன் பலவீனத்தைக் காட்டும். காலையில் சுறுசுறுப்பாகத் தூக்கி, பதினோரு மணிக்குத் திணறும் வண்டிகள் நிறைய உண்டு. ரொட்டவேட்டர் மேலே நிற்கும்போது அதன் அடியில் கையையோ தலையையோ கொண்டுபோகாதீர்கள்.

பி.டி.ஓ. ஷாஃப்டின் வரிப்பற்களை விரலால் தடவுங்கள். ஓரம் கத்திபோல் கூர்ந்திருந்தால் வண்டி ரொட்டவேட்டரில் வெகுகாலம் உழைத்திருக்கிறது. மணி மீட்டர் 900 என்று காட்டினாலும் இந்தப் பற்களும், கலப்பை மாட்டும் லிங்க் கம்பிகளின் குண்டுத் துளைகளும், கிளட்ச் மிதியின் தேய்ந்த ரப்பரும் உண்மையான வயதைச் சொல்லிவிடும். மீட்டர் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டுவது மிக எளிது.

நான்கு சக்கர இயக்க வண்டியில், குனிந்து கியர் பெட்டியிலிருந்து முன் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன் அச்சு சத்தம் போட்டால் அந்த ஷாஃப்டையே கழற்றி வைத்துவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். இருந்தால், நெம்புகோலைப் போட்டு இளகிய மண்ணில் மெதுவாக நகர்த்தி முன்சக்கரங்களைக் கவனியுங்கள். முன்சக்கர உட்புறத்து பெவல் கியர் பெட்டிகளில் ஆயில் வழிந்து மண் ஒட்டியிருந்தால் சீல் போயிருக்கிறது. முன் டயர், பின் டயர் அளவுகள் தயாரிப்பாளர் கொடுத்த இணையாகவே இருக்க வேண்டும். கிடைத்த டயரை மாட்டி ஓட்டியிருந்தால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று இழுத்து, உள்ளிருக்கும் பல்சக்கரங்களைத் தின்றிருக்கும்.

இனி இன்ஜின்

ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் மட்டும் திறங்கள். மேலே ஆயில் படலம் மிதக்கக் கூடாது. டிப்ஸ்டிக்கை உருவுங்கள். ஆயில் பால்நிறமாக இருந்தால் தண்ணீர் கலக்கிறது. அளவு மேல்கோட்டையும் தாண்டி, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால் பம்பு வழியாக டீசல் இறங்குகிறது.

ஜப்பானிய வழிவந்த சிறு டீசல் இன்ஜின்கள் பலவற்றில் ஹீட்டர் பிளக் இருக்கும். சாவியை அந்த நிலையில் பத்துப் பதினைந்து நொடி பிடித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். “காலையில் ஸ்டார்ட் ஆகாது” என்று மலிவாக வரும் வண்டிகளில் சில, வெறும் பிளக் எரிந்துபோனவை. பேட்டரி பலவீனமாகி இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் இதே கதிதான். நல்ல பேட்டரி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்த பிறகுதான் கம்ப்ரெஷன் இல்லை என்று முடிவுகட்ட வேண்டும். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்க யாரையும் விடாதீர்கள். சூடான பிளக்கில் அது பற்றி வெடித்து இன்ஜினையும் ஆளையும் காயப்படுத்தும். செல்ஃப் மோட்டார் முனைகளைத் தரையில் நின்றபடி ஸ்பேனரால் தொட்டு ஸ்டார்ட் செய்வதும் அப்படித்தான். கியரில் இருந்தால் வண்டி தொட்டவர்மீதே ஏறும்.

ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள். குளிரில் முதல் ஓரிரு நிமிடம் வெள்ளையாக வந்து தெளிந்தால் கவலையில்லை. தெளியாமல் கண்ணெரியும் வெள்ளைப் புகை தொடர்ந்தால் டீசல் சரியாக எரியவில்லை. நாசிலோ கம்ப்ரெஷனோ காரணம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. பாரத்தில் கருமை என்றால் பெரும்பாலும் காற்று வடிகட்டி அடைப்பு அல்லது டீசல் அளவு கூடுதல். கறுப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து துளைமேல் லேசாக வையுங்கள். மெல்ல நடுங்கினால் சரி. புகையோடு துள்ளி விழுந்தால் ரிங்கைத் தாண்டி அழுத்தம் கீழே வருகிறது, போர் வேலை நிச்சயம்.

மூன்று சிலிண்டர் வண்டியில் இன்னொரு சோதனை உண்டு. மெக்கானிக் செய்யட்டும். மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாக, துணி போர்த்தி அரைச்சுற்றுத் தளர்த்த வேண்டும். தளர்த்தியதும் இன்ஜின் திணறினால் அந்த சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அது முன்பே தூங்கிக்கொண்டிருந்தது. கையை மட்டும் டீசல் பீச்சும் வழியில் வைக்கக் கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் போனால் வலிக்காவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புதுப் பெயின்ட் அடித்த வண்டியைவிட அழுக்கேறிய வண்டியே எனக்குப் பிடிக்கும். அழுக்கில் கசிவின் தடம் இருக்கும். போல்ட் தலைகள் உருண்டுபோயிருந்தால், இணைப்புகளில் கேஸ்கட் பேஸ்ட் பிதுங்கியிருந்தால் அந்த இடம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்று கேளுங்கள்.

கிளட்ச், பிரேக், ஸ்டீயரிங்

கிளட்ச் மிதியில் ஒரு அங்குலம் போல் வெற்று ஓட்டம் வேண்டும். மிதித்தவுடன் கிரீச்சிட்டால் கிளட்ச் பேரிங் போய்விட்டது. உயர் கியரில் பாரத்தோடு இன்ஜின் வேகம் ஏற, வண்டி வேகம் ஏறாவிட்டால் தட்டு வழுக்குகிறது. பொருள் விலை குறைவுதான். ஆனால் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தாக வேண்டும், கூலிதான் பெரிது.

பிரேக்கை இடம் வலம் தனித்தனியே சோதியுங்கள். சேற்றில் உழைத்த வண்டிகளில் ஒரு பக்கம் பிடிக்காமல் இருப்பது சகஜம். ஸ்டீயரிங்கை ஆட்டி, சக்கரம் அசைவதற்கு முன் எவ்வளவு வெறுமனே திரும்புகிறது என்று பாருங்கள். முன் அச்சை ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழுமாக அசைத்தால் கிங்பின், பேரிங் தேய்மானம் தெரியும். இவை உள்ளூர் லேத் பட்டறையிலேயே சரியாகக்கூடியவை.

விலை போடுவது

வீட்டுக்கு வந்து தாளில் மூன்று பகுதியாகப் பிரியுங்கள். முதலாவது, வாங்கியவுடன் செய்தே ஆகவேண்டியவை: ஆயில்கள், வடிகட்டிகள், பேட்டரி, பிரேக், பெல்ட், குழாய்கள். இரண்டாவது, கண்ணால் கண்ட பழுதுகள். மூன்றாவது, சந்தேகங்கள். முதல் இரண்டுக்கும் கடையிலும் பட்டறையிலும் கேட்ட விலையை எழுதுங்கள். சந்தேகங்கள் உண்மையானால் ஆகும் செலவில் பாதியையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். இதே மாடல், இதே வயது, நல்ல நிலையில் என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று இடத்தில் விசாரித்து, அதிலிருந்து இந்த மொத்தத்தைக் கழியுங்கள். வருவதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலை.

நான் வாங்கிய இரண்டாவது வண்டிக்குப் பெரியவர் 1,60,000 ரூபாய் சொன்னார். என் தாளில் போர் வேலை, நாசில், ஹீட்டர் பிளக், பின் டயர் என்று கணக்கு இருந்தது. அதை அவரிடமே காட்டினேன். மட்டம் தட்டிப் பேசவில்லை, வண்டியைப் பழிக்கவும் இல்லை. அவர் பிள்ளைபோல் வளர்த்த வண்டி அது. இருவரும் சேர்ந்து கூட்டிப் பார்த்து 1,18,000-க்கு முடித்தோம். கையில் கணக்கு இருந்தால் பேரம் சண்டையாகாது.

முன்பணம் கொடுக்கும்போது முத்திரைத்தாளில் சேசிஸ் எண், முழு விலை, மீதி கொடுக்கும் நாள், எச்.பி. நீக்கும் பொறுப்பு யாருடையது என்பதை எழுதி இருவரும் சாட்சியோடு கையெழுத்திடுங்கள். ஒப்படைக்கும் நாளும் நேரமும் இருக்கட்டும். அதற்கு முன் நடந்த விபத்து உங்கள் தலையில் விழாது. பெரும் தொகையை வங்கி வழியாகக் கொடுங்கள். அசல் ஆர்.சி.யும் கையெழுத்தான படிவங்களும் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

காப்பீடு இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டிவராதீர்கள், சரக்கு வண்டியில் ஏற்றுங்கள். பலகைச் சரிவில் ஏற்றும்போது டிராக்டரை ரிவர்ஸில் ஏற்றினால் முன்பக்கம் தூக்கிக் கவிழும் ஆபத்து குறையும். ஏற்றியதும் பார்க்கிங் பிரேக் போட்டு நான்கு பக்கமும் கட்டுங்கள்.

முதலில் நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். அப்போதுதான் புதுக் கசிவு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அடுத்து பிரேக். அதன்பின் எல்லா ஆயிலையும் வடிகட்டிகளையும் மாற்றி, டீசல் டேங்கைக் கழற்றிக் கழுவி, ரேடியேட்டரை அலசி ஊற்றுங்கள்.

போர் வேலைக்கு அவசரப்பட வேண்டாம். நாசிலைக் கழற்றிப் பரிசோதித்து, வால்வு இடைவெளி சரிசெய்து, இருபது மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். நெடுநாள் நின்ற வண்டிகளில் ஒட்டிக்கொண்ட ரிங்குகள் விடுபட்டு, புகை பாதியாகக் குறைவதும் உண்டு. குறையவில்லையென்றால் திறக்கலாம். லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை) தேய்மானத்தை லேத் பட்டறையில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். கண்பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று பழைய லைனரில் புது ரிங் போட்டால் ஓராண்டில் மறுபடி திறக்க வேண்டிவரும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

கிளட்சுக்காக வண்டியைப் பிரிக்கும் நாளில் தட்டு மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். பிரஷர் பிளேட்டைப் பார்த்து முடிவெடுங்கள், கிளட்ச் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கச் சீல், கியர் பெட்டியின் முன்சீல் எல்லாவற்றையும் அதோடு மாற்றிவிடுங்கள். சீலுக்கு ஆகும் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தி, ஆயில் வழிந்து புதுத் தட்டு நனைந்து, மறுபடி பிரித்தவர்களை எனக்குத் தெரியும். பிரிக்கும்போது இரு பாதிகளுக்கும் உறுதியான தாங்கு மரங்கள் வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது.

கியர் ஆயில் லேசாக நிறம் மாறியிருந்தது என்றால், புது ஆயில் ஊற்றிப் பத்து மணி நேரம் வேலை வாங்கி, ஓர் இரவு நிறுத்தி, மறுநாள் காலையில் அதே வடிகால் போல்ட்டைத் தளர்த்தி முதல் சொட்டைப் பாட்டிலில் பிடியுங்கள். இன்னும் தண்ணீர் வந்தால் மறுபடி மாற்றுங்கள். தெளிவாக வந்தால் சீல்களை மாற்றிவிட்டு, கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேற்றில் இறக்கலாம். முதல் சேற்று உழவு முடிந்த மறுநாள் காலையிலும் அந்தப் பாட்டிலைப் பிடித்துப் பாருங்கள்.